உறங்கினவனுக்குச் சொன்ன சொல்

விடிகாலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபஹுப் பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வரும்: தூக்கத்தை விடத் தொழுகை மேலானது. இன்றும் அந்த வரி காதில் விழுந்ததும், பின்வாசல் படியில் குந்தியிருக்கும் வாப்பாதான் கண்ணுக்குள் வந்தார்.

வாப்பாவுக்கு நெல் வியாபாரம். உறக்கம் வரவில்லை என்றுதான் முதன்முதலில் குடித்தாராம். கல்முனையில், எங்கள் ஆட்களுக்குள், அதை யாரிடம் சொல்வது? சோடாப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவருவார். குடித்ததும் வெட்டிச் சாய்த்த மரம்போல விழுவார். கொஞ்ச நேரம்தான். பிறகு பெனியன் நனைய வியர்த்து எழும்பி, விடியும்வரை அந்தப் படியில் இருப்பார். பகலில் நெல் மூட்டைமேல் தூங்கி வழிவார். இரவானால் முந்தின நாளை விடக் கூடக் குடித்தால்தான் கண் மூடும்.

பாங்கு கேட்டதும் உம்மா, "எழும்பித் தொழுங்களன்" என்பார். வாப்பா வாய் மணக்குமென்று கையால் பொத்திக்கொண்டு சொல்வார்:

"அது உறங்கினவனுக்குச் சொல்ற சொல்லு புள்ள. நான் எதை உட்டுட்டு வாறது?"

அப்படியே ஒருநாள் உயிர் பிரிந்து மௌத்தாகிப் போனார்.

இன்று பாங்கு முடியும்போது குசினியில், அடுப்படிப் பக்கம், கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்டது. என் தம்பி. "கொஞ்சம் எடுத்தாத்தான் கண் அசருது ராத்தா" என்று அவன் சொல்லத் தொடங்கிக் கனகாலம்.

நினைவு தடுமாறிப்போன உம்மா அறைக்குள்ளிருந்து கேட்டார்: "மகள், உங்கட வாப்பா இண்டைக்கும் உறங்கல்லியா?"

"ஓம் உம்மா" என்றேன். "உறங்கல்ல."