அப்பா பேரில் வந்த கட்டுரைகள்

ஜெர்மனியில் என்னை என் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆய்வகத்துக்குள் கால் வைத்தால் போதும், "டாக்டர் ஓக்காப்பான், ஹைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது" என்று ஒரு குரல் வரும். அப்பா பேர் ஒச்சப்பன். அனுமந்தன்பட்டியில் அவரை அப்படி வாய் நிறையக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. ஊருக்கு அவர் பந்தக்காரர், திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறவர். அம்மாவுக்கு வெறும் "இந்தாங்க". ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் அம்மா என் முதுகில் ஒரு குத்து விடுவாள், நான்தான் சொல்ல வேண்டும். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த ஜெர்மன்காரர்கள் எங்கப்பாவின் ஆயுசில் பாதியைத் தின்றிருப்பார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்களுக்கு இது தெரிந்த கூத்துதான். நம் பேருக்கு முன்னால் அப்பா ஓர் எழுத்தாக நிற்பார். இவர்களுக்குப் பின்னால் நிற்கும் குடும்பப் பேர்தான் ஆளே. பாஸ்போர்ட் எடுத்தபோது ‘சர்நேம்’ என்ற கட்டத்தில் தேனி ஏஜென்ட் அப்பா பேரை எழுதினார். பெரிய படிப்புப் படித்த நானும் மண்டையை ஆட்டினேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது நிரந்தர வேலைக்கு மனுப் போட்டபோதுதான் தெரிந்தது. ஒப்பந்தம் முடியப் போகிறது, இந்த வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

என் தொழில் வினையூக்கி ஆராய்ச்சி. நாம் எழுதிய கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் பேர் சொல்லிக் காட்டுகிறார்கள் என்பதுதான் இதில் மதிப்பு. மதுரையில் நான் செய்த ஆராய்ச்சி ‘ஓ. தமிழ்ச்செல்வி’ என்று வந்தது. உலகம் இன்றும் எடுத்துப் பேசுவது அதைத்தான். இங்கே வந்தபின் எழுதியதெல்லாம் பாஸ்போர்ட்படி ‘ஒச்சப்பன்’ பேரில். தேர்வுக் குழு ஒச்சப்பனைத் தேடிப் பார்த்து, ஆள் சுமார்தான் என்று முடிவுகட்டிவிட்டது. அலுவலகத்து அம்மையார் என்னிடமே கேட்டார்: "இதே துறையில் தமிழ்ச்செல்வி என்று ஒருவர் பிரமாதமாகச் செய்திருக்கிறாரே, தெரியுமா?"

"அது நான்தான்."

"அப்படியானால் ஒச்சப்பன்?"

"என் அப்பா."

"அவரும் வேதியியலாளரா?"

"இல்லை, திராட்சை விவசாயி."

ஒரு விவசாயியின் பேரில் நான் எதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டேன் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கலாம், ஆனால் ஒரே பேரில்தான், மற்றவர்கள் அதிகமாக எடுத்துக்காட்டிய பேரையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. இங்கே முதல் கட்டுரை வந்த நாளில் அப்பாவுக்குப் போனில் விளக்கியிருந்தேன். வினையூக்கி பக்கத்தில் நின்றால் வேலை சட்டென்று முடியும், ஆனால் அது மட்டும் கரையாமல் அப்படியே இருக்கும் என்றதற்கு, "அப்ப நம்ம மேஸ்திரி மாதிரின்னு சொல்லு" என்றார். மற்றவர்கள் பேர் சொல்லி எழுதுவார்கள் என்றதும்தான் குரல் மாறியது. "எம்பேரையா எழுதுறாக?" மறுநாள் டீக்கடையில் ஓர் ஆள் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தாராம். அம்மா சொல்லிச் சிரித்தாள்.

அவரிடம்தான் இப்போது கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.

"எம்பேரு எதுக்குத்தா அங்கன? நானா வந்து குழாயத் திருகுனேன்? வேலை போயிரும்னா தூக்கிப் போட்டுட்டு ஓம்பேர வையி."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, மழை விழுந்து பழமெல்லாம் வெடிக்கிறது என்று பேச்சை மாற்றினார். எனக்குத்தான் வலித்தது. அவர் பேரைச் சேர்க்கும்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை, எடுக்கும்போது கேட்கிறோம்.

அப்பா சொன்னபடியே கட்டுரைப் பதிவிலும் பாஸ்போர்ட்டிலும் அவர் பேரை எடுத்தேன், வேலை கிடைத்தது. ஆனால் இங்கத்திய கம்ப்யூட்டர் எதுவும் குடும்பப் பேர்க் கட்டத்தைக் காலியாக விட ஒத்துக்கொள்வதில்லை. ஒற்றைப் பேர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல் இரண்டு கட்டத்திலும் என் பேரையே போட்டேன். முதல் பேரை ஓர் எழுத்தாகச் சுருக்கி அறைக் கதவில் பலகை மாட்டினார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பா உடனே கூப்பிட்டார்.

"ஓம்பேரு நல்லா எடுப்பாத்தான் இருக்கு. முன்னால ‘டி’ன்னு ஒண்ணு போட்டுருக்காகளே, அது யாருத்தா?"

"அதுவும் நாந்தாம்ப்பா."



"அடியாத்தே, ஒனக்கு நீயேதான் அப்பனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பலகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் படித்தால் அதில் ஒரு குறையும் தெரியாது. நம்மூர் ஆள் யாராவது வந்து படித்தால், யாரோ ஒரு ‘டி’ பெற்ற மகள் என்று நினைத்துக்கொண்டு போவார்.