திருநீறும் காட்டு வான்கோழியும்

லண்டனில் காட்டு வான்கோழி கிடையாது. அதை வேட்டையாடுவதையே வாழ்நாள் ஆசையாக வைத்திருப்பவன் குடியிருக்க இது தோதான ஊர் அல்ல என்று எனக்குப் பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வருகிறது. சொல்பவர் பெரும்பாலும் என் மனைவி.

மாணவனாக வந்த முதல் குளிர்காலத்தில் தொற்றிய வியாதி இது. என் அறையைவிட நூலகம் சூடாக இருந்ததால் அங்கே போய் உட்காருவேன். தத்துவம் படிக்கப் போனவனின் கையில் ஒரு பழைய அமெரிக்க வேட்டைச் சஞ்சிகை அகப்பட்டது. பேட்டின் குரலில் சேவலைக் கூப்பிட வேண்டும். பிறகு அது தானாக நடந்து வரும்வரை மரத்தடியில் அசையாமல் இருக்க வேண்டும். சும்மா இருப்பதையே திறமையாகக் கணக்கில் எடுக்கும் ஒரு வேட்டை! எனக்கென்றே உண்டாக்கியதுபோல் இருந்தது.

பின்னாளில் அக்காவும் அத்தானும் அமெரிக்காவில் ஒரு காட்டோரமாக வீடு வாங்கினார்கள். வசந்தம்தோறும் விடுப்பு எடுத்துக்கொண்டு போவேன். அனுமதி எடுத்து, அத்தானின் துப்பாக்கியோடு விடியுமுன் காட்டுக்குள் போய் இருப்பேன். சேவல் வரும். நின்று கழுத்தை நீட்டி என்னைப் பார்க்கும். ஓடிவிடும். வெறுங்கையோடு லண்டனுக்குத் திரும்புவேன்.

இந்த வருடம் அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வீட்டை வித்தாச்சு மச்சான். டொரொண்டோவுக்குப் போறம். இந்த முறையும் சும்மா வந்தியெண்டால், கடையிலை ஒரு கோழி வாங்கித் தந்து விடுறன்."

கடைசி வாய்ப்பு. இனிச் சஞ்சிகை சொன்னதை ஒரு புள்ளிகூட விடாமல் செய்வது என்று முடிவெடுத்தேன். வாய்க்குள் வைத்துப் பேடுபோலக் குரல் எழுப்பும் ரப்பர் தகடு ஒன்றை வாங்கினேன். வீட்டில் தடை என்பதால் சூப்பர்மார்க்கெட் கார்த் தரிப்பிடத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பழகினேன். ஒரு நாள் கோயிலில் பார்த்துப் பழக்கமான ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணை, நெஞ்சு நோவோ? ஆம்புலன்சுக்கு அடிக்கட்டே?"

"இல்லைத் தம்பி. கோழி கூப்பிடுறன்."

"ஓம் அண்ணை," என்று அவர் மிகவும் மரியாதையாகப் பின்வாங்கினார்.

அடுத்தது உடுப்பு. அதுவரை பழைய மண்ணிறக் கோட்டோடுதான் போவேன். இந்த முறை பச்சையும் மண்ணிறமும் கலந்த வேட்டை உடுப்பைத் தருவித்து, கழுவிக் கொல்லையில் காயப்போட்டேன். மனைவி கொடியிலிருந்து அதை இழுத்தெடுத்தாள்.

"ஆமி உடுப்பு! வீட்டுக்கு வாற சனம் பாத்தால் என்ன நினைக்கும்?"

"அது கோழிக்கப்பா."

"அப்ப இது?"

அவள் கையில் இருந்தது கண்கள் மட்டும் தெரியும் முகமூடி. ஊரில் சுற்றிவளைப்பு நாட்களில், இப்படி முகத்தை மூடிய ஒருவனை இராணுவம் வண்டியில் இருத்தியிருக்கும். வரிசையில் போகிறவர்களில் யாரைப் பார்த்து அவன் தலையாட்டுகிறானோ அவரை ஏற்றுவார்கள். அவளுடைய அண்ணனையும் அப்படித்தான் ஏற்றினார்கள். அவர் திரும்பி வந்தார். அந்த வரிசையில் நின்ற எல்லாரும் வரவில்லை.

"மற்றதெல்லாம் போடுங்கோ. இது வேண்டாம். உங்கடை நிறத்துக்கு முகமூடி என்னத்துக்கு?"

நியாயம்தான். சஞ்சிகை வெளிறிய மனிதர்களுக்காக எழுதப்பட்டது. முகமூடி குப்பைக்குப் போனது.

அமெரிக்காவில் முதல் நாள் விடியலில் வழக்கம்போலவே நடந்தது. சேவல் வந்தது, பார்த்தது, ஓடியது. வேறொரு திசையிலிருந்து வந்த அத்தான் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னடாப்பா நெத்தியிலை?"

தொட்டுப் பார்த்தேன். திருநீறு. நான் எங்கே புறப்பட்டாலும் அக்கா வாசலில் மறித்துப் பூசிவிடுவாள். மூன்று விரலால், மூன்று கோடு. இது பயணத்துக்கு, பரீட்சைக்கு, வேட்டைக்கு எல்லாவற்றுக்கும் பொது. காட்டுக்குள் வெள்ளை கூடாது, சேவலின் கண் உடனே பிடித்துவிடும் என்று படித்து, வெள்ளைக் காலுறைகூடப் போடாதவன் நான். வசந்தம்தோறும் நெற்றியில் விளக்கேற்றிக்கொண்டு மரத்தடியில் ஒளிந்திருக்கிறேன்.

"நீங்களும் அவவிட்டைப் பூசிக்கொண்டுதானே வாறியள்?"

"நான் ரோட்டுக்கு வந்தவுடனை துடைச்சுப்போடுவன். நீ துடைக்கிறேல்லையே?"

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் நாட்டை விட்டு வந்த அன்றும் அக்காதான் பூசி அனுப்பினாள். அதைப் புறங்கையால் துடைக்க என்னால் ஏலாது. அடுத்த நாள் விடியுமுன் வாசலில் உண்மையைச் சொன்னேன். அக்கா திருநீற்றுச் சம்புடத்தைப் பிடித்தபடி யோசித்தாள்.

"கோழி முன்னாலைதானே வரும்? திரும்பு." பின்கழுத்தில் பூசினாள்.

காட்டுக்குள் மரத்தடியில் இருந்து கூப்பிட்டேன். கொஞ்சமாகத்தான். கலியாணப் பேச்சில் பெண் வீட்டார் அவசரம் காட்டக் கூடாது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு சேவல் கத்தியது. எனக்கு நேர் பின்னால்.

குளிருக்குக் கழுத்துப்பட்டையை உயர்த்தி விட்டிருந்தேனா என்பது நினைவுக்கு வரவில்லை. கை வைத்துப் பார்த்தால் தெரியும். கை வைத்தால் சேவல் போய்விடும். முழங்கால் மரத்தது, மூக்கு ஒழுகியது, இலைச் சரசரப்பு நெருங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சேவல் என் தோளுக்கு அருகால் நடந்து முன்னால் வந்து, இல்லாத பேட்டைத் தேடி, மார்பை ஊதி விரித்தது. அது ஒரு மரத்தின் மறைவைக் கடக்கும்போது துப்பாக்கியை உயர்த்தினேன். வெளியே வந்ததும் சுட்டேன்.

அதன் அருகில் போய் வெகுநேரம் நின்றேன். வெண்கல நிறம் இறகில் ஓடிக்கொண்டிருந்தது. சஞ்சிகையின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அது தெரிந்திருக்கவில்லை.

அன்று லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"முகமூடி போட்டியளே?"

"இல்லை."

"அப்ப சரி. ஒண்டு சுட்டாச்சு. இனிப் போதும்தானே?"

"டொரொண்டோப் பக்கத்துக் காடுகளிலையும் உந்தக் கோழி இருக்காம்."

மறுமுனையில் தட்டுகள் கழுவும் ஓசை கேட்டது.

"அங்கை சித்திரையிலையும் குளிராம்," என்றாள். "தடிச்ச கோட்டாப் பாத்து வாங்குங்கோ."