தம்பி சொன்ன ஓம்

தம்பிக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதம் கழித்து அவனை மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனோம். போகலாம் என்று சொன்னது நான்தான்.

அவனுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடமாக வேலை செய்தவன். பெப்ரவரியில் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவன் சப்பாத்து நாடாவைக் கட்ட முடியாமல் அப்படியே கட்டிலில் சரிந்தான். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, யாராவது பிடித்தால் பத்துப் பதினைந்து அடி நடப்பான். கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் சொல். ஓம்.

தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம். வேண்டாமோ என்றாலும் ஓம். தலையாட்டலும் அப்படித்தான், எதைக் கேட்டாலும் மேலும் கீழும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் எங்களை உட்கார வைத்து விளக்கினாள். அவனுக்கு எல்லாம் விளங்குகிறது, சொல்ல நினைப்பதும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வாய்க்கு வரும்போது அந்த ஒரு சொல்லாக மாறிவிடுகிறது என்றாள். நான் பத்தொன்பது வருடமாக முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். இப்படிப்பட்டவர்களைத் தினமும் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, ஊட்டி விடுகிறவள். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த நோய் வருவதற்கு முன் அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் மீன்பிடி. இந்த ஜெர்மனியில் ஆற்றில் தூண்டில் போடுவதற்கும் பரீட்சை எழுத வேண்டும். கூட வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவரோடு சேர்ந்து படித்து அவன் அதை எழுதினான். குளிர்சாதனப் பெட்டிக் கதவு முழுக்க மீன் படங்கள் ஒட்டியிருந்தன. அவனுடைய மனைவி, என் மச்சாள், பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு மீனின் பெயரைக் கேட்க வேண்டும், அவன் அடுத்த அறையிலிருந்து பதில் சொல்ல வேண்டும். முதல் தடவையே பாஸ் பண்ணினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சனிக்கிழமைகளில் அவனும் அந்த நண்பரும் லிப்பே ஆற்றங்கரையில்தான். அவர்கள் தேடிப்போவது ஹெஹ்ட் என்ற மீனை. எங்கள் ஊர்ச் சீலாவைப் போல நீண்ட உடம்பு, தாரா வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், வாய் நிறைய ஊசிப் பல். சாதாரணத் தங்கூசி நூலைக் கடித்து அறுத்துவிடும் என்பதால் முனையில் ஒரு சாண் இரும்புக் கம்பி கட்டித்தான் போடுவார்கள்.

ஒக்டோபரில் அந்த நண்பர் என் வீட்டுக்கு வந்தார். தம்பியின் அனுமதிப் பத்திரம் இன்னும் செல்லும், அவனை ஒரு நாள் ஆற்றுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டார். மச்சாளிடம் நேரே கேட்க அவருக்குத் தயக்கம். நான்தான் மச்சாளோடு பேசினேன்.

"ஏலாது மச்சாள்," என்றாள் அவள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். "அங்க போய் ஒண்டும் செய்யேலாமல் இருந்து பார்த்தால் இன்னும் உடைஞ்சு போவார்."

"நான் வாறன்தானே," என்றேன். "எனக்கு இது பழக்கம்."

தம்பியிடம் கேட்டோம். ஓம் என்றான். வேறு என்ன சொல்லுவான்.

அந்தச் சனிக்கிழமை ஐந்து பேர் போனோம். தம்பி, மச்சாள், நான், என் கணவர், அந்த நண்பர். நண்பர் மடக்குக் கதிரை ஒன்றின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் திருகாணி போட்டு இறுக்கிக் கொண்டுவந்திருந்தார். தூண்டில் தடியின் அடியை அந்தக் குழாய்க்குள் விட்டால் அது தானாக நிற்கும். தம்பி நல்ல கையால் தங்கூசி சுற்றியிருக்கும் உருளையைச் சுற்றினால் போதும். எறிவதை நண்பர் எறிந்து கொடுப்பார். தம்பி அந்தக் குழாயை நெடுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய முகத்தின் நல்ல பாதி சிரித்தது. மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன் பார்த்தாயா என்பது போல நானும் அவளைப் பார்த்தேன்.

வயல் ஓரத்தில் நண்பரின் வான் வண்டியை நிறுத்திவிட்டு அவனைச் சக்கர நாற்காலியில் கரைவரை தள்ளிப் போய், அங்கே கதிரைக்கு மாற்றினோம். ஆறு அந்த இடத்தில் வளைந்து அகலமாகிறது. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் மெதுவாகப் போனது. எதிர்க்கரைப் பக்கம் ஒரு மரம் விழுந்து பாதி தண்ணீருக்குள் கிடந்தது. செத்த சிறு மீன் ஒன்றைத் தூண்டிலில் கோர்த்து, சிவப்பு மிதப்பு ஒன்றும் கட்டி, நண்பர் அந்த மரத்துக்குச் சற்று இந்தப் பக்கமாக எறிந்தார். தடியைக் குழாய்க்குள் வைத்தார். பிறகு காத்திருந்தோம். இரண்டு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. தம்பி மிதப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வைத்தியசாலையில் தொலைக்காட்சியைக்கூட ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்காதவன்.

பதினொரு மணிபோல வயல் பாதையில் ஒரு உழவு இயந்திரம் வந்து ஹோன் அடித்தது. வான் வழியை மறித்து நின்றது. நண்பர் அதை நகர்த்தப் போனார். சாப்பாடும் போர்வையும் வானுக்குள் இருந்ததால் என் கணவரும் கூடப் போனார். போகும்போது நண்பர் திரும்பி, "ஏதாவது கடித்தால் சத்தம் போடுங்கள்," என்றார்.

அவர்கள் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிராது. மிதப்பு ஒருமுறை குத்திட்டு ஆடியது. பிறகு சரிந்து, தண்ணீருக்குள் போய், வரவே இல்லை. தம்பியின் இடது கை உருளையின் பிடியைப் பற்றிச் சுற்றியது. தடி வில்லாக வளைந்தது. கதிரை முன்பக்கம் சரிந்தது. நான் பாய்ந்து கதிரையின் முதுகைப் பிடித்தேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

மச்சாள் வயலைப் பார்த்துக் கூப்பிட்டாள். உழவு இயந்திரத்தின் இரைச்சலில் அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

மீன் ஆற்றின் நடுவில் ஒருமுறை மேலே புரண்டது. பச்சை உடம்பு, அதில் வெளிறிய புள்ளிகள், திறந்த வாய். தம்பியின் கை நீளம் இருக்கும். பிறகு அது எதிர்க்கரை மரத்தை நோக்கி ஓடியது. உருளை கிரீச்சிட்டுக்கொண்டு தங்கூசியைக் கொடுத்தது. மரத்துக்குள் போனால் சிக்கி அறுந்துவிடும் என்பது எனக்கே தெரிந்தது. தடியை மற்றப் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் நிற்கும் தடியைச் சாய்க்க முடியாது. யாராவது அதை வெளியே எடுக்க வேண்டும்.

"தம்பி, நான் பிடிக்கட்டோ?" என்றேன்.

"ஓம்," என்றான்.

"இல்லாட்டி விடட்டோ? நீயே பார்க்கிறியோ?"

"ஓம். ஓம். ஓம்."

முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் என்னிடம் எதையோ கெஞ்சியது. அல்லது அதட்டியது. பத்தொன்பது வருட அனுபவத்தில் நான் படித்த எந்த முகமும் அந்த நேரத்தில் உதவவில்லை.

"பிடியுங்கோ மச்சாள்," என்றாள் மச்சாள். அடுத்த மூச்சிலேயே, "வேண்டாம், விடுங்கோ, அவர் செய்யட்டும்," என்றாள்.

நான் மச்சாளைக் கதிரையைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தடியை உருவி எடுத்தேன். செய்ய முடியாதவர்களின் கையிலிருந்து ஒன்றை வாங்கி அதை நான் செய்வதுதான் என் வேலை. சீப்பு, கரண்டி, துவாய். தினமும் செய்வது, யோசிக்காமலே செய்தேன். தடியைப் பக்கவாட்டில் சாய்த்து என் முழுப் பலத்தோடும் பின்னால் சாய்ந்தேன். கை நழுவாமல் இருக்க உருளையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தேன். உருளை சுழன்று இளகிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு சின்னச் சத்தம், காய்ந்த குச்சி முறிவது போல. நான் பின்பக்கமாகப் புல்லில் விழுந்து இருந்துவிட்டேன். தடி கையில் நேராக, பாரம் இல்லாமல் இருந்தது.

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தேன். அவனுடைய இடது கை இன்னும் உருளை இருந்த இடத்தில், காற்றைப் பிடித்தபடி நின்றது.

மீன் போய்விட்டது, அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. தங்கூசி என் பக்கத்தில், தடிக்குக் கிட்ட அறுந்திருந்தது. ஒரு நிமிடம் கழித்துச் சிவப்பு மிதப்பு ஆற்றின் நடுவில் மேலே வந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு தானாக நகர்ந்தது, நீரோட்டத்துக்கு எதிராக. மீன் அதை இழுத்துக்கொண்டு போனது. அதன் வாய்க்குள் தூண்டில் கொளுக்கிகளும் இரும்புக் கம்பியும் இருந்தன, பின்னால் இருபது முப்பது மீற்றர் தங்கூசி.

நண்பரும் என் கணவரும் வந்தபோது நாங்கள் மூவரும் அந்த மிதப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பர் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பார்த்ததும் விளங்கியிருக்க வேண்டும். தன் மற்றத் தடியை எடுத்து, கொளுக்கி வைத்த பாரமான தகர மீன் ஒன்றைக் கட்டி, மிதப்புக்கு அப்பால் எறிந்து இழுத்தார். மீனின் பின்னால் இழுபடும் தங்கூசியில் அதைக் கொளுவப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எறிந்திருப்பார். இரண்டு தடவை மாட்டியது. ஒரு தடவை பாதி ஆறு வரை வந்தது, நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம், கழன்றுவிட்டது. மிதப்பு மரத்துக்குள் போகும், வெளியே வரும், தாழும், வேறெங்கோ எழும்பும். என் கணவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கப் பார்த்தார். ஆழம் என்று நண்பர் மறித்துவிட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கள்," என்று அவரிடம் ஜெர்மனில் சொன்னேன்.

"எனக்கும் அறுந்திருக்கிறது," என்றார். "ஆனால் வாய்க்குள் அதோடு விடுவதுதான் கூடாது. அது சாப்பிட முடியாமல்..." தகர மீனை மறுபடியும் எறிந்தார்.

தம்பிக்கு ஜெர்மன் நன்றாக விளங்கும்.

கடைசியில் மிதப்பு நீரோட்டத்தோடு இறங்கி வளைவைத் தாண்டியது. நண்பர் கரையோரமாக முட்செடிகளுக்குள்ளால் அதன் பின்னே போனார். நாங்கள் தம்பியைப் போர்வையால் மூடிவிட்டு இருந்தோம். மச்சாள் கொண்டுவந்த இடியப்பத்தை ஒருவரும் தொடவில்லை. நான் அவனுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, "கோவமோடா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அதைக் கேட்பதில் பிரயோசனம் இல்லை என்று உறைத்தது. அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். அந்த ஒரு சொல்லைக்கூட எனக்குத் தரவில்லை. நண்பர் இரண்டு மணிபோலக் கைகளில் கீறலோடு திரும்பி வந்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் போய்த் தேடினார். திங்கள் வேலை முடிந்தும் போனார். கண்டுபிடிக்கவில்லை.

மச்சாள் தொலைபேசியில் சொன்னாள், அன்று வீட்டுக்குப் போனதும் தம்பி அழுதான் என்று. வைத்தியசாலையில்கூட அழாதவன். எதற்கு அழுதான் என்று அவளுக்கும் தெரியவில்லை. மீனுக்காகவா, நான் தடியைப் பறித்ததற்காகவா, அல்லது என்னைத் தடுக்க ஒரு சொல் இல்லாமல் போனதற்காகவா.

"நான் வந்து பார்க்கட்டோ?" என்றேன்.

"கொஞ்ச நாள் போகட்டும் மச்சாள்," என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் மீண்டும் ஆற்றுக்குப் போனது எனக்கு முன்கூட்டித் தெரியாது. நவம்பரில், தம்பி, மச்சாள், அந்த நண்பர் என மூவர் மட்டும் போயிருக்கிறார்கள். மச்சாள் எனக்குப் படம் அனுப்பினாள். தம்பி அதே கதிரையில் இருக்கிறான், மடியில் நனைந்த சாக்கு, அதன் மேல் ஒரு ஹெஹ்ட். இடது கை அதன் மேல் விரிந்து கிடக்கிறது. எப்படிப் பிடித்தார்கள், யார் தடியைச் சாய்த்தார்கள் என்று எழுதவில்லை. படத்தைப் பெரிதாக்கி அவனுடைய முகத்தைப் பார்த்தேன். நல்ல பாதி சிரிக்கிறது என்று நினைக்கிறேன். வெயில் கண்ணில் விழுந்து சுருங்கியதாகவும் இருக்கலாம்.

"வடிவான மீன்," என்று எழுதி அனுப்பினேன். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று எழுதி, அழித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு ஒரு பெட்டியோடு வந்தார். அந்த மீனில் மச்சாள் செய்து எனக்குக் கொடுத்துவிட்ட கட்லட். ஹெஹ்ட்டில் பொல்லாத முள், அவள் ஒவ்வொன்றாக எடுத்திருக்க வேண்டும். நின்றபடியே குசினியில் மூன்று சாப்பிட்டேன். உப்பு, மிளகு எல்லாம் சரியாக இருந்தது.