பூஜையில் வைத்த ஆம்ப்ளிஃபயர்

விஜயநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கணினித் துறையில் பெரிய வேலையில் இருக்கிறார். இந்த ஆயுத பூஜைக்குத் தம் லேப்டாப்புக்குக் குங்குமம் வைக்காமல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். "உள்ள போயிடுச்சுன்னா வாரண்டி வராது அங்கிள்" என்றார். நாகரிகம் முன்னேறியிருக்கிறது. ஆனால் அவர் வீட்டிலிருந்து குழைத்த சந்தனத்தின் வாசனையும் வந்தது. சந்தன வாசனையில் பலருக்குப் பக்தி வரும். எனக்கு ஃபியூஸ் போன ஞாபகம் வரும். அதற்குக் காரணம் சென்னியப்பன்.

நான் அப்போது ரேடியோ செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் சேர்ந்திருந்த புதிது. பழுது பார்க்கும் முறைகள் எனக்கு மனப்பாடம். இப்போதும் தூக்கத்தில் எழுப்பினால் சொல்வேன், யாரும் எழுப்புவதில்லை. முதல் விதி, பழுதுக்கு முன் என்ன நடந்தது என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டும். அவர் சொல்வதை நம்பக் கூடாது என்பது இரண்டாவது விதி. அது அச்சில் இருக்காது. கருவிகளின் காற்றுத் துளைகள் மேல் குங்குமம் இடக் கூடாது என்று ஆண்டுதோறும் பூஜைக்கு முன் சுற்றறிக்கை வரும். அதில் கையெழுத்திடும் மேலாளர்தான் தம் ஆசிலாஸ்கோப் கருவிக்கு முதலில் மாலை போடுவார்.

சென்னியப்பன் ராமாபுரத்துக்காரர். எங்கள் ஊர்ச் சந்தைப் பேட்டையான மண்டி மொஹல்லாவில் மைக் செட் வைத்திருந்தார். செட் என்றால் ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு மைக். ஆயுத பூஜையன்று மத்தியானம் அந்த ஆம்ப்ளிஃபயரைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதன் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன.

"பூசை முடிஞ்சு ஒரு பாட்டுப் போடலாம்னு சுச்சப் போட்டனுங்க சார். டப்புனு ஃபியூஸ் போயிருச்சு. வேற போட்டா அதும் போயிருச்சு."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

மறுநாள் காலை அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன். தங்கை வாழ்க்கைப்பட்டது வசதியான வீடு. இவர் தொழிலை அங்கே யாரும் மதிப்பதில்லை. வேறு செட் பேசிவிடலாம் என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார். அண்ணன் செட்தான் பாட வேண்டும் என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள்.

"நாளைக்கு இது ஊமையா நின்னுச்சுன்னா என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார். அவளத்தான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்றார்.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க எழுந்தேன். எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஸ்க்ரூடிரைவர், மீட்டர், சால்டரிங் அயர்ன், குறடு எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வில் இருந்தன. பக்கத்தில் என் மனைவி வசந்தா.

"நாளைக்குத் தேங்கா உடைச்சப்புறம்தான் எடுக்கணும். சும்னே கை வைக்காதீங்க" என்றாள். கண்டிக்கும்போது அவளுக்கு 'சும்மா' கூடக் கன்னடத்தில்தான் வரும்.

"அவசரம்."

"அதுக்குன்னு பூஜையக் கலைப்பாங்களா? அண்ணா, நீங்க உக்காருங்க, காபி தரேன்."

அவள் காய் நறுக்கும் கத்தி மட்டும் பூஜையில் இல்லை. சமைக்க வேண்டுமே என்று அதற்கு விலக்கு அளித்திருந்தாள். கத்தி முனையால் மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். மீட்டர் இல்லாததால் மேசை விளக்கைக் கேட்டேன். விளக்கு ஆயுதமா என்று சற்று யோசித்து, அது சாமான்தான் என்று தீர்ப்பளித்தாள். அதன் ஒரு வயரை வெட்டி, மேல்தோலைப் பல்லால் உரித்து, பல்பு வழியாகவே ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போகும்படி கட்டினேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும். இல்லையென்றால் ஒரு தரம் மின்னி மங்கிவிடும். சென்னியப்பன் தீப்பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் ஃபியூஸ்களில் ஒன்றைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன்.

பல்பு கல்யாண வீடு போல எரிந்தது.

அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே பார்த்தேன். அகன்ற காற்றுத் துளை வழியாகச் சந்தனம் வடிந்து பவர் டிரான்சிஸ்டர் மேல் படிந்திருந்தது. அதன் நடுவே, டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் பாலம் போட்டபடி, ஒரு நாலணாக் காசு.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார்.

"தங்கச்சி வெச்சதுங்க. காலைல வந்து, நாளைக்கு நல்லாப் பாடணும்னு சந்தனத்துல ஒட்டி வெச்சுக் கும்புட்டுட்டுப் போனா."

"ஒண்ணும் பண்ணலேன்னீங்களே."

"கும்புட்டதெல்லாம் ஒரு பண்றதுங்களா? அவகிட்டச் சொல்லிராதீங்க சார்."

நாலணாவை எடுத்தேன். சந்தனத்தைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும், அதுவும் பூஜையில். மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த ஆஃப்டர்-ஷேவ் பிரிக்காமல் இருந்தது. பாதிப் பாட்டில் செலவானது. பனை விசிறியால் விசிறி உலர்த்தி, மறுபடி சுவிட்சைப் போட்டேன். பல்பு ஒரு தரம் மின்னி, மெல்ல மங்கி, சிவந்த நூலாகிவிட்டது.

"ஐயோ, பூஜையன்னைக்கு விளக்கு அணையுதே" என்றாள் வசந்தா.

"அணைஞ்சாத்தான் தாயி நல்லது" என்று சொல்லிவிட்டுச் சென்னியப்பன் முகத்தைத் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் காலை நானும் போனேன். ஆம்ப்ளிஃபயர் சூடேறச் சூடேறப் பந்தலில் சவரக் கடை வாசனை அடித்தது. மைத்துனர் இரண்டு தரம் மூக்கைச் சுளித்தார், அவருக்குக் காரணம் தெரியவில்லை. சீர்த்தட்டு உள்ளே வந்ததும் சென்னியப்பன் மைக்கை எடுத்தார். தங்கை அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லையாம். "எங்கண்ணன் சீர் வருதுங்க. செட்டும் எங்கண்ணன் செட்டுதானுங்க" என்றாள். தெரு முனையில் வாழைக்காய் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மைத்துனர் கை காட்டினார். சென்னியப்பன் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார்.

இப்போது மண்டி மொஹல்லாவில் குழாய் கட்ட அனுமதி வாங்க வேண்டும், வாங்குகிறவர்களும் குறைவு. சென்னியப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் தங்கை தன் மகன் வீட்டோடு எங்கோ வெளியூரில் இருப்பதாகக் கேள்வி. காதுகுத்தெல்லாம் ஏ.சி. மண்டபத்தில், சுவருக்குள் பதித்த ஸ்பீக்கரில், பக்கத்து அறைக்குக் கேட்காமல் நடக்கிறது. எங்கள் பேட்டையில் ஒலிபெருக்கியைத் தடை செய்யக் கோரிப் போன மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அந்தச் சட்டத்தின் விதிகளும் எனக்கு மனப்பாடம். மனுவுக்குப் பலன் கிடைத்துவிட்டது. இங்கே எந்த வீட்டுப் பெண் என்ன சொன்னாலும் தெரு நிமிர்ந்து பார்ப்பதில்லை.