கடைசி எழுத்து

ஜமால் முகம்மதுவிடம் ஒரு வித்தை உண்டு. எந்தக் காரின் எண்ணைச் சொன்னாலும், ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து அதன் கடைசி எழுத்தைச் சொல்லிவிடுவார். சிங்கப்பூர் கார்களின் நம்பர் பிளேட்டில் வாலாக ஓர் எழுத்து இருக்கிறதே, அது யாரோ ஆசைப்பட்டுப் போட்டதல்ல. முன்னால் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் பெருக்கி, கூட்டி, வகுத்தால் மிஞ்சுவது. கம்ப்யூட்டர் போடும் அந்தக் கணக்கை மனிதர் மனசுக்குள்ளேயே போடுவார். காப்பிக் கடையில் இதை வைத்துப் பந்தயம் கட்டி அவர் ஓசியில் குடித்த தே தாரிக் டீக்கு அளவில்லை.

“எப்படி பாய் கத்துக்கிட்டீங்க?” என்று யாராவது கேட்டால், “நம்ம தொழில்லா” என்று சிரித்து மழுப்பிவிடுவார். ஒரு தப்பு நடந்த பிறகுதான் அதைக் கற்றுக்கொண்டார் என்பதை மனைவி சம்சுன்னிசாவிடம்கூடச் சொன்னதில்லை.

தொழில், நம்பர் பிளேட் அடிப்பது. சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே ஒரு சந்தில், இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற அகலத்தில் கடை. தகட்டை அழுத்தும் இயந்திரம் ஒன்று, ஸ்டூல் ஒன்று, சுவர் முழுக்க எழுத்து அச்சுகள். அறுபத்தேழு வயதில் இன்னமும் தோ பாயோவிலிருந்து பஸ் பிடித்து ஒன்பது மணிக்குக் கதவைத் தூக்கிவிடுவார். ஊரில் ஓடுகிற கார்களில் எத்தனையோ அவர் கையால் பெயர் வாங்கியவை. அவருக்கோ சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

கடை வாசலை ஒட்டி, ஐந்தடிப் பாதையில், பதினாலு வருஷமாகப் பூ மேசை போட்டிருப்பவள் சரசு. பூன் லேயிலிருந்து முதல் ரயிலில் வருவாள். மல்லிகை தொடுக்கும்போது விரல்களை அவள் பார்ப்பதே இல்லை. கண் ரோட்டில் இருக்கும். போகிற ஒவ்வொரு காரின் பின்பக்கத்தையும் அது வழியனுப்பி வைக்கும். ஆங்கிலம் படிக்காதவள். ஆனால் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் அவளுக்கு அத்துப்படி. 4, H.

அவள் புருஷன் மாசிலாமணி பூன் லே பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். 2007இல், நோன்பு மாதத்து விடியற்காலை ஒன்றில், ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போனவரைப் பின்னாலிருந்து ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பஸ் நிறுத்தத்தில் இருந்த ஒரு தொழிலாளி மட்டும் பார்த்திருக்கிறார். தரையோடு தரையாகத் தாழ்ந்த கார், கறுப்போ என்னவோ, பெரிய சத்தம், கடைசியில் 4H. போலீஸ் சல்லடை போட்டுத் தேடியது. 4H என்று முடிகிற கார்களில் அப்படி ஒன்று ஊரிலேயே இல்லை. கோப்பு தூங்கப் போய்விட்டது. சரசு தூங்கவில்லை.

மேசை போட்ட இரண்டாவது வாரம் இதையெல்லாம் அவளே ஜமாலிடம் சொன்னாள். “நீலக் கலர் சைக்கிள் பாய். அவரே பெயிண்ட் வாங்கி வந்து அடிச்சாரு. அடிச்சு ஒரு மாசம்கூட ஆவல” என்றாள். ஜமால் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

ஏனென்றால் அந்தக் காரை அவருக்குத் தெரியும்.

அந்த நோன்பு மாதத்தில் பிரபாகர் என்ற வாலிபன் அவர் கடைக்கு ஒரு காரைக் கொண்டுவந்திருந்தான். கத்தரிப்பூ நிறம். விடிவதற்கு முன் மஞ்சள் விளக்கில் பார்த்தால் கறுப்பென்றுதான் சொல்வார்கள். ஜப்பானில் ஒரு சின்னப் பட்டறை, கம்பெனி செய்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் பிரித்து, எஞ்சின் சக்தியைக் கூட்டி, உடம்பைத் தாழ்த்தி, சக்கரத்துக்கு மேல் தகட்டை அகட்டித் தன் கைப்பட மறுபடி கட்டியதாம். மொத்தம் இருபது வண்டி, சிங்கப்பூருக்கு வந்தது இது ஒன்றே ஒன்று. பின்கண்ணாடி மூலையில் ஒன்பது என்று வரிசை எண்கூடப் பொறித்திருந்தது. “இத மாதிரி இன்னொண்ணு நீங்க பாக்கவே முடியாது பாய்” என்றான். ஜமாலும் அச்சுப் பொடி ஒட்டிய கையை மடித்துக்கொண்டு மூன்று தடவை சுற்றிவந்து பார்த்தார்.

எண்ணைத் துண்டுத்தாளில் கிறுக்கியிருந்தான். நோன்புக் களைப்பு, பிற்பகல் வெயில், கடைசி எழுத்து அவர் கண்ணுக்கு H என்று பட்டது. அது K. சரிபார்க்கும் கணக்கு அப்போது அவருக்குத் தெரியாது. முன்னும் பின்னும் H என்றே அடித்து மாட்டிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அவன் திரும்பி வந்தான். “எழுத்து தப்பு பாய், இப்பதான் பாத்தேன். முன் பிளேட்டும் கார்பார்க் தூண்ல இடிச்சு உடைஞ்சிருச்சு” என்றான். ஜமால் வெட்கப்பட்டுப்போய்க் காசு வாங்காமல் புதிதாக அடித்து மாட்டினார். பழையவற்றைக் கழற்றியதும் அவரேதான். உடைந்த முன் பிளேட்டின் ஓரத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கார்பார்க் தூண்களுக்கும் நீலம் அடிப்பார்கள்தானே என்று நினைத்து, அதைச் செய்தித்தாளில் சுற்றித் தகட்டுக் கட்டுக்குப் பின்னால் செருகி வைத்தார். எறியாமல் ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

சரசு சைக்கிளின் நிறத்தைச் சொன்ன அன்றைக்கே அவர் வாய் திறந்திருக்கலாம். மகள் ஷமீமாவுக்கு அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. தப்பான பிளேட் அடித்த கடையைச் சும்மா விடுவார்களா, போலீஸ் வீட்டுக்கு வந்தால் சம்பந்தி என்ன நினைப்பார், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். நாளை பதினாலு வருஷம் ஆயிற்று. பயந்தாங்கொள்ளிக்குக் காரணமா பஞ்சம்?

அதற்குப் பதிலாக வேறென்னவெல்லாமோ செய்தார். மழைக்கு அவள் மேசைமேல் தார்ப்பாய் கட்டினார். வெக்கைக்குத் தன் கடையிலிருந்து வயர் இழுத்து அவளுக்கு ஃபேன் போட்டுக் கொடுத்தார். நோன்புக் கஞ்சி வாங்கினால் முதல் தூக்குவாளி அவளுக்கு. “கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் பாய்” என்பாள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

கார் தொலைந்திருக்கும் என்பது ஒன்றுதான் அவருக்கிருந்த ஆறுதல். இந்த ஊரில் காருக்கு ஆயுசு பத்து வருஷம், பிறகு உடைத்துவிடுவார்கள் அல்லது கப்பலேற்றிவிடுவார்கள். 2017 கழிந்தபோது அவர் மூச்சு விட்டார், மூச்சு விட்டதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். ஆனால் அந்தக் காரின் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. கதவை இழுத்துப் பூட்டும் நேரங்களில் சந்துக்குள் அது உறுமுவது கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஏதாவது கறிகாய் லாரி நிற்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடித்துக் கடைக்கு வந்துகொண்டிருந்தவருக்கு அது மறுபடி கேட்டது. வழக்கம்போல மனப்பிராந்தி என்று நடந்தார். சந்தின் திருப்பத்தில், பட்டப்பகலில், கத்தரிப்பூ நிறத்தில் அது நின்றது. அதே அகட்டிய தகடுகள். பின்கண்ணாடி மூலையில் ஒன்பது. கடைசியில் அவர் கையால் திருத்தி அடித்த 4K.

சரசுவின் மேசை முன்னால் நடுவயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். முன்தலை வழுக்கை, தொப்பை. சரசு அவருக்கு மல்லிகை அளந்து, இலையில் சுற்றி, “வெள்ளிக்கெழம பூசைக்கா தம்பி? நல்லா இருங்க” என்று கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜமால் திருப்பத்திலேயே நின்றுவிட்டார். அந்த ஆள்தான் திரும்பினார்.

“பாய்! இன்னும் கடை வச்சிருக்கீங்களா? பிரபாகர்லா, தெரியலயா?”

“வண்டியத் தெரியுது” என்றார் ஜமால்.

“காசு கட்டி இன்னும் பத்து வருஷத்துக்கு ரெனியூ பண்ணிட்டேன். ஸ்கிராப் பண்ண மனசு வரல.” பிரபாகர் காருக்குப் போகிற வழியில் அவர் தோளருகே நின்று குரலைத் தாழ்த்தினார். “மொத பிளேட்ல நீங்க போட்ட எழுத்த நான் மறக்கவே இல்ல பாய். ராசியான கை உங்களுக்கு.”

சிரிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. நன்றி சொல்கிறவனின் முகம்தான் அது. ஜமாலுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கார் கிளம்பியது. அதன் உறுமலில் பூ மேசையின் தகரக்கால் அதிர்ந்தது. சரசு வழக்கப்படி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள், அது திரும்பும்வரை பார்த்தாள், பிறகு நூலை எடுத்துக்கொண்டாள்.

“நாலு இருக்கு பாய்” என்றாள். “எழுத்துதான் வேற.”

ஜமால் கடைக்குள் போனார். தகட்டுக் கட்டை இழுத்துத் தள்ளி, பின்னாலிருந்து பழுத்துப்போன செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து பூக்களின் நடுவே வைத்துப் பிரித்தார். உடைந்த பிளேட். ஓரத்தில் நீலம்.

சரசு குனிந்து பார்த்தாள். எண்ணைத் தொட்டாள், பிறகு எழுத்தை. அதன் குறுக்குக்கட்டைமேல் விரல் இரண்டு தடவை போய்வந்தது.

“எழுத்து வேற இல்ல தங்கச்சி” என்றார் ஜமால். “நான்தான் அன்னைக்கு மாத்தி அடிச்சேன். ஒரு வாரம் இத மாட்டிக்கிட்டுத்தான் ஓடிச்சு. அந்த வாரந்தான். இப்ப பூ வாங்கிட்டுப் போனவன்தான்.” எல்லாவற்றையும் சொன்னார், சம்பந்திக்குப் பயந்ததுவரை.

அவள் அழவில்லை. நீலத்தை நகத்தால் சுரண்டப் போனவள், வேண்டாமென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“இது எத்தன வருஷமா உள்ள இருக்கு?”

“பதினெட்டு.”

“நான் வந்து பதினாலு.” கடையின் பக்கச் சுவரைப் பார்த்தாள். அவள் முதுகு சாய்ந்து சாய்ந்து அதில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. “நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க என்னையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.”

ஜமால் பிரித்த செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

சரசு எழுந்தாள். அவர் கடையிலிருந்து வந்த வயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, சுருட்டி, அவர் கையில் வைத்தாள். ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. பிளேட்டை வாழையிலையில் வைத்து, சாமிக்குப் பூ கட்டுகிற நூலால் நான்கு பக்கமும் கட்டினாள்.

“கடையச் சாத்துங்க. போலீஸ் ஸ்டேஷன் போவணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லணும்.”

பாய் என்று அவள் சொல்லவில்லை. அதை ஜமால் கவனித்தார். கதவை இழுத்துப் பூட்டி, வயரைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். சிராங்கூன் சாலையில் கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் போன சரசு ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜமாலின் கண்தான், வேண்டாம் வேண்டாமென்று நினைத்தும், ஒவ்வொன்றின் கடைசி எழுத்தையும் தேடிக்கொண்டு போனது.