அப்பாவிடம் மிஞ்சிய சொற்கள்

பக்கவாதம் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, அப்பா காரைக்குடி வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல் ‘கொழகொழ’.

பருப்பையும் சோற்றையும் மிக்ஸியில் அடித்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை எதைக் கேட்டாலும் “அது... அது...” என்று மட்டுமே திணறியவர், கிண்ணத்துக்குள் இடது கையை விட்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பிரித்தார். நடுவில் நூலாக இழுபட்டதைப் பார்த்துக்கொண்டே “கொழகொழ” என்றார். சொன்ன விதத்தில் எனக்கே குமட்டியது. கிண்ணத்தை மூடி வைத்துவிட்டேன்.

அப்பா சிவகங்கை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் சுத்தம் பார்ப்பவர். சின்ன வயதில் நான் பாவாடை தொளதொளன்னு இருக்கு என்றால், “அது சத்தம், வார்த்தை இல்ல. தளர்வா இருக்குன்னு சொல்லு” என்பார். இப்போது அந்தச் சுத்தமான வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. தண்ணீர், போர்வை, என் பெயர், எதுவும் நாக்குக்கு வரவில்லை. சத்தம் என்று அவர் ஒதுக்கியவைதான் மிஞ்சியிருந்தன. வியர்த்த விரிப்பு ‘பிசுபிசு’. அசையாத வலது கை ‘மதமத’. தொண்டையில் நிற்கும் சளி ‘கரகர’. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், “சில பேருக்கு இப்படி ஆகும்க்கா. பொருளோட பேர் போயிடும், பொருள் மாதிரியே ஒலிக்கிற சொல் நிக்கும்” என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாள் முழுக்க அவற்றோடு இருந்தது நான். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பிசுக்கு என் விரலில் வந்து ஒட்டும். எச்சில் துடைத்து, சளி வழித்து, டயபர் மாற்றிவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை. ஆனால் மூக்கு தானாகச் சுருங்கும், மேலுதடு தூக்கிக்கொள்ளும். அப்பா அதைப் படித்துவிடுவார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பல்லுக்கு நடுவில் காற்றை விட்டு “சீ” என்பார். என்னையா, தன்னையா என்று தெரியாது. முகக்கவசம் போட்டுப் பார்த்தேன். கண்ணிலிருந்தும் படித்தார்.

அப்போதுதான் நெற்குப்பையிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவுக்கு வாழைப்பழமும் தனக்குத் தேன்குழலும் வாங்கி வந்திருந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மெல்லவே முடியாத மனிதர் முன்னால் மொறுக் மொறுக்கென்று கடித்துக்கொண்டே, “அண்ணே, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்றார். அப்பா வாயைத் திறந்து மூடினார். உதட்டோரம் எச்சில் வழிந்தது. சித்தப்பா ஒரு பழத்தை உரித்து, விரல்களுக்கிடையில் பிசைந்து, அப்பா முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது எப்புடி இருக்கு?”

“கொழகொழ.”

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது முறை கேட்டபோது அவருடைய மற்றொரு கையில் போன் இருந்தது. மகளோடு பேசுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் சொந்தக்காரர்கள் குரூப்பில் அந்த வீடியோ வந்தது. ‘கோர்ட் குமாஸ்தாவின் செந்தமிழ்’ என்று மேலே எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். திருக்கோஷ்டியூர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள்தான் அத்தனை பேரும். அதுவரை சளியிலும் மலத்திலும் வராத அளவுக்கு அருவருப்பு அன்றைக்கு எனக்கு வந்தது. போனைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சித்தப்பா வந்தார், போனைக் கையில் பிடித்தபடியே. நான் பேச வாயெடுப்பதற்குள் அப்பா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு கையை விட்டு, அவரைத் தொட்ட விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பிரித்து, நிதானமாக “கொழகொழ” என்றார். விரல்களைப் போர்வையில் அழுத்தித் துடைத்தார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. மணிக்கட்டை வேட்டியில் தேய்த்துக்கொண்டார். தேய்ப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

“சித்தப்பா, அந்த வீடியோவ அழிச்சிருங்க” என்றேன்.

“வெளாட்டுக்குத்தேன்த்தா போட்டேன். எல்லாரும் பாத்துச் சிரிச்சாக, அம்புட்டுத்தேன். இனி அழிச்சாலும் மத்தவக போன்ல இருக்குமே.”

“இருக்கட்டும். நீங்க அழிங்க. இனிமே வாரதுன்னா போன வெளியில வச்சிட்டு வாங்க.”

என் முன்னாலேயே அழித்தார். எழுந்து போனவர் அதற்குப் பிறகு வரவில்லை.

பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னபடி, பெயர் சொல்லிப் பழகக் கொடுத்திருந்த பட அட்டைகளை ஓரம் வைத்துவிட்டு, சத்தங்களிலிருந்தே தொடங்கினோம். ‘சலசல’ என்று சொல்லி நான் டம்ளரை ஆட்டிக் காட்டிக் காட்டி, சில வாரம் கழித்து “தண்ணி” வந்தது. ‘போதும்’ வந்தது. என் பெயர் இன்னும் வரவில்லை. முகக்கவசம் போடுவதை நிறுத்திவிட்டேன். டயபர் மாற்றும்போது என் மூக்கு சுருங்கத்தான் செய்கிறது, அவரும் பார்க்கத்தான் செய்கிறார். சில நாள் அவரும் மூக்கைச் சுருக்கிக் காட்டுவார்.

குரூப்பிலிருந்து வெளியேறினேன். ஏன் என்று கேட்டு இரண்டு அத்தைகள் தனியாக எழுதினார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். சொல் கிடைக்கவில்லை, முகம்தான் கோணியது. அப்படியே விட்டுவிட்டேன்.