உறையின் கறுப்பு

சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தபோதுதான் கீழ்வீட்டு அருளம்பலம் அண்ணையின் மகள் போன் எடுத்தாள். "அன்ரி, அப்பா போயிட்டார்." திரியைத் தூண்டிய கையோடு அப்படியே இருந்துவிட்டேன்.

நாங்கள் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஓமானில் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்தவர். இங்கே வந்த பிறகும் அரபுக்காரரின் பழைய இடுப்புக் கத்திகள் திருத்த வேலைக்கு அவரைத் தேடி வந்தன. "கத்தியை விடுங்கோ, உறையைப் பாருங்கோ. அதிலதான் அவையின்ர வீட்டுப் பெருமை இருக்கு" என்பார். வளைந்த உறை முழுக்க நுணுக்கமாகச் செதுக்கிய வெள்ளிப் பூக்கள்.

போன மாரியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வேலை முடித்த கத்தியொன்றை என்னிடம் தந்தார். "ஓமான்காரர் வந்து எடுப்பார். பத்திரம், தங்கச்சி."

சாமியறையில் வேலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமை புளியும் சாம்பலும் போட்டு விளக்குகளைத் துலக்கியபோது உறையைப் பார்த்தேன், கோடெல்லாம் கறுத்திருந்தது. முருகனுக்கு முன்னால் ஊத்தையோடு கிடப்பதா என்று அதையும் தேய்த்துவிட்டேன்.

அண்ணை திரும்பி வந்து உறையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பூசைக்கு ரெடி. இனி ஐயரைத்தான் கூப்பிடவேணும்" என்று சிரித்தார். செதுக்கிய கோட்டுக்குள் கறுப்பு நின்றால்தான் பூ கண்ணுக்குத் தெரியும், செய்தவரே வைத்த கறுப்பு அது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மெல்லிய தூரிகை பிடித்து, யன்னலோரம் இருந்து திரும்பக் கறுப்பேற்றினார். நான் அழுத்தித் தேய்த்ததில் கோடு மழுங்கிப்போன நுனிப் பூக்களில் மட்டும் அது சீராகப் பிடிக்கவில்லை.

ஓமான்காரர் வந்து பார்த்துவிட்டு, நுனியில் என்ன நடந்தது என்று கேட்டார். தனக்கு வயதாகிவிட்டது, கை பிசகிவிட்டது என்றார் அண்ணை. நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன்.

அவர் போனதும், "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னியள்?" என்றேன்.

"எனக்கு இனி வேலை வந்தென்ன, வராட்டி என்ன? தேத்தண்ணி ஆறுது, தாங்கோ."

செத்தவீட்டில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் கதைத்தார்கள்: "நல்ல வேலைக்காரன். கடைசி வேலையிலதான் கை பிசகிட்டுதாம்." முருகன் படத்தைப் பார்த்தபடி அங்கேயும் பேசாமல் இருந்தேன்.

அண்ணை எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு பொய். அதை என்னால் வைத்திருக்க ஏலாது. அவரைத் தெரிந்த எல்லாருக்கும் சொல்கிறேன்: அவர் கை பிசகவில்லை. தேய்த்தது நான்.